சுவர் தாண்டும் தீர்த்தம்

உலக இசை வரலாற்றில் ராப் பாட்டினால் ஒரு ஊருக்கு நேரடி நன்மை விளைந்த சம்பவம் ஒன்றே ஒன்றுதான். அது பொம்மிடிக்குப் பக்கத்தில், எங்கள் சர்ச் பங்கில் நடந்தது. பங்குப் பேரவையின் செயலர் என்ற முறையில் நான் அதைக் கண்ணால் கண்டவன். பொய் சொன்னால் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

கலைஞரின் பெயர் சின்னராஜ். யூட்யூபில் 'எம்.சி. ஞானஸ்நானம்'. சேலத்துக்கு வேலைக்குப் போகிற பாசஞ்சர் ரயிலில் நின்றபடியே, இயேசுவைப் பார்க்க சக்கேயு மரமேறிய பைபிள் கதையை ராப்பாகப் பாடி வீடியோ போட்டான். பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். அதுவரை வாத்தியம் என்றால் ஆர்மோனியம் என்றிருந்த நாங்கள் உடனே 'நவீனமாகி', பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் வைத்தோம். அதில் அவன் முகத்தைவிடப் பேரவை உறுப்பினர்களின் முகங்கள் பெரிதாக இருந்தன. கலையை வளர்ப்பது யாரென்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?

போன வருடம் அவன் அம்மா செல்லி இறந்துபோனாள். எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சுவர் உண்டு. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் காலனிக்காரர்கள். சாதி கீதி என்று தப்பாக நினைத்துவிடாதீர்கள், எல்லாம் 'நிர்வாக வசதி'. கல்லறைத் திருநாளன்று ஃபாதர் இந்தப் பக்கம் ஒவ்வொரு கல்லறையாக நடந்து, தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அந்தப் பக்கத்துக்கு, சுவரோரம் நின்று தீர்த்தத்தை வீசுவார். கை வலிக்க வலிக்க வீசுவார், தங்கமான மனிதர். செல்லியின் கல்லறை அந்தப் பக்கம் கடைசி வரிசை. அங்கே ஒரு சொட்டு விழவில்லை.

சின்னராஜ் இந்த வருடம் புதுப் பாட்டு போட்டான்:

"செத்தவங்களுக்கு எதுக்குய்யா செவுரு?
சாமி வூட்டுக்கு எத்தன கதவு?
ஃபாதர் கையி வீசுது தீர்த்தம்,
எங்கம்மா மேல எட்டவே இல்ல!"

ஊரே முணுமுணுத்தது. பேரவை அவசரமாகக் கூடி அவனை அழைத்தது.

"தாளமெல்லாம் சுத்தமா இருக்குது தம்பி," என்று பாராட்டோடு தொடங்கினார் பொருளாளர் தமிழ்மணி. "விசுவாசந்தான் கொஞ்சம் கம்மி."

"செவுத்துல ஒரு கதவு வெச்சுக் குடுங்க, பாட்டை அழிச்சிடறேன்," என்றான் சின்னராஜ். "ஃபாதர் எங்கம்மா பக்கத்துல வந்து நின்னு ஒரு ஜெபம் சொல்லணும். அவ்ளோதாங்க."

"கதவு வெச்சா ஆடு பூந்துடும்," என்றார் தமிழ்மணி.

"பூட்டு போடுங்க."

"பூட்டிட்டா அப்புறம் கதவு எதுக்கு?" என்றார் மாதர் சங்கத் தலைவி மலர்விழி. இந்தத் தர்க்கத்துக்குப் பேரவையே தலையாட்டியது.

"பேரவை எப்படிச் சொல்லுதோ அப்படி," என்று ஃபாதர் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்.

நான் எழுந்தேன். "தம்பியோட குறை என்னா? தீர்த்தம் எட்டலன்னுதான பாடியிருக்குது? எட்ட வெச்சுட்டாப் போச்சு!"

எல்லார் முகமும் மலர்ந்தது. தமிழ்மணியின் தக்காளித் தோட்டத்தில் மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர் இருந்தது.

கல்லறைத் திருநாளன்று அதை ஃபாதர் முதுகில் மாட்டினோம். நன்றாகக் கழுவித்தான் மாட்டினோம், லேசாக மருந்து வாடை மட்டும். சுவிட்சைத் தட்டியதும் தீர்த்தம் சுவருக்கு மேலே சீறிப் பாய்ந்து கடைசி வரிசை வரைக்கும் விழுந்தது. இந்தப் பக்கம் ஒரே கைதட்டல்.

"எட்டுச்சா தம்பி?" என்று சுவருக்கு இப்பால் நின்று கத்தினேன்.

"தண்ணி வந்துடுச்சுங்க சார்," என்றது சின்னராஜின் குரல். "ஃபாதர் எங்கங்க?"

குரல் உடைந்திருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று அறிக்கையில் எழுதிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே பேரவை கூடி அவனுக்குப் பாராட்டு தெரிவித்தது. அந்தப் பாட்டு மட்டும் இல்லையென்றால் எங்களுக்கு இப்படியொரு யோசனை வந்திருக்குமா? கையோடு இன்னொரு தீர்மானத்தையும் ஏகமனதாக நிறைவேற்றினோம்: மெஷின் எவ்வளவு உயரத்துக்கும் அடிக்கும் என்பதால், சுவரை இன்னும் மூன்று அடி உயர்த்தலாம்.