கல்லுக்கு எத்தனை பக்கம்

நாகேஷின் கம்ப்யூட்டரில் அந்தக் கல் மறுபடியும் பிய்ந்து வந்தது. வீரனின் தலை ஓரிடத்தில் மிதந்தது. வாள் பிடித்த கை இன்னோரிடத்தில். நடுவில் எதுவுமே இல்லை.

"கடிச்சு வெச்ச பன்னு மாதிரி இருக்குது," என்றாள் ஹம்சா, பின்னால் நின்றபடி.

நாகேஷ் மவுஸை உருட்டினான். மனைவி சொல்வது சரியாக இருக்கும்போது அவன் பேசுவதில்லை.

எல்லோர் கையிலும் கேமரா வைத்த செல்போன் வந்த பிறகு, திருத்தணி பஸ் ஸ்டாண்டு அருகிலிருந்த அவன் ஸ்டூடியோ பாஸ்போர்ட் படங்களை நம்பியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றி எடுத்த படங்களை ஒட்டி, கம்ப்யூட்டரில் அதை முழு உருவமாகத் திருப்பிப் பார்க்கும்படி செய்யும் ஒரு சென்னைக் கம்பெனி ஆள் தேடியது. மென்பொருளைக் கொடுத்து, ஏதாவது ஒரு பழைய கல்லை அப்படிச் செய்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னார்கள். சரியாக வந்தால் வேலை. வராவிட்டால் மாமனாரின் சிமெண்டுக் கடை. மாமனார் இப்போதே அவனுக்கென்று ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருந்தார்.

அவன் தேர்ந்தெடுத்தது கே.ஜி.கண்டிகை சாலையோரத்தில் வேப்பமரத்தடியில் இருந்த நடுகல்லை. இடுப்பளவு உயரம். மழையில் தேய்ந்துபோன வீரன். யாரும் ஏறெடுத்துப் பார்க்காத கல். அதே நிழலில் தேவசுந்தரியின் டீக்கடை. சாலையை அகலப்படுத்த மரத்தை வெட்டப் போவதாக, அதில் சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டிருந்தார்கள்.

கம்பெனியில் சந்தேகம் கேட்பதற்கு ப்ளெஸ்ஸி என்ற பெண் இருந்தாள்.

"கல்லு மொழுமொழுன்னு இருக்குது சார்," என்றாள் போனில். "எந்தப் படத்துல எந்த இடம்னு சாஃப்ட்வேருக்குத் தெரியல. அங்கங்க கலர் புள்ளி வைங்க."

ஸ்டேஷனரி கடையில் ஒட்டும் புள்ளி கிடைக்கவில்லை. ஹம்சா குங்குமச் சிமிழை நீட்டினாள்.

"குங்குமமா?"

"செகப்பாதானே இருக்கணும்?"

வீரனின் நெற்றி, தோள், முழங்கால் என்று பார்த்துப் பார்த்துப் பொட்டு வைத்தான். வைத்து முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டான்.

காலையில் கல் முழுக்க எண்ணெய் வழிந்தது. கிட்டே போனால் லேசாக வெங்காய வாசனை அடித்தது. பாவம், ஏழை பக்தர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"யாருக்கா எண்ணெய் ஊத்துனது?"

"எனக்கென்ன தெரியும் நைனா?" தேவசுந்தரி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேல் வேதவசனக் காலண்டர் ஆடியது. "நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. நமக்கு இதெல்லாம் பழக்கமில்ல."

எண்ணெய் மினுமினுப்பில், ஒவ்வொரு படத்திலும் சூரியன் ஒவ்வோர் இடத்தில் உட்கார்ந்திருந்தது. படங்கள் ஒட்டவில்லை.

"பளபளப்பு போகணும் சார்," என்றாள் ப்ளெஸ்ஸி. "வெள்ளையா ஏதாவது பவுடர் தூவுங்க."

நாகேஷின் அப்பா மலைக்கோயில் மடப்பள்ளியில் சமையல் செய்பவர். அவன் வீட்டில் வெள்ளைப் பவுடர் என்றால் ஒன்றுதான் உண்டு. பை நிறைய விபூதி எடுத்துப்போய்த் தூவினான்.

பளபளப்பு போனது. அரக்கோணம் பஸ் நின்றது. கோவிந்தம்மாள் என்ற அம்மாள் பாதி வழியில் இறங்கி ஓடி வந்தாள்.

"எப்ப கண்ணு தொறந்தாரு சாமி?"

"சாமி இல்லம்மா. இது வந்து…"

"ஆங், ஆங். பூசாரி நீங்கதானே? இந்தத் தேங்காய ஒடச்சுக் குடுங்க."

நாகேஷ் உடைத்தான். வேறென்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் கல்லுக்கு வேட்டி கட்டியிருந்தது. மாலை போட்டிருந்தது. சுற்றிலும் ஜனம். ஒவ்வொரு படத்திலும் யாராவது ஒருவர் நகர்ந்துகொண்டிருந்தார்.

"பின்னாடி ஒரு துணியக் கட்டி மறைச்சுடுங்க சார்," என்றாள் ப்ளெஸ்ஸி.

நாலு கம்பு நட்டுப் போர்வையைச் சுற்றிக் கட்டினான். வெளியே கோவிந்தம்மாளின் குரல் கேட்டது.

"திரை போட்டுட்டாங்க! உள்ள அலங்காரம் நடக்குது. எல்லாரும் இருந்து பாத்துட்டுப் போங்க!"

கூட்டம் இரண்டு மடங்கானது. போர்வையோ காற்றில் ஆடியது. ஆடும் போர்வைக்கு, நகரும் ஜனமே தேவலாம் என்று திரையை அவிழ்த்தான். உடனே எங்கிருந்தோ மணி அடித்தது.

கேமராவைக் கண்ணில் வைத்து, ஓரடிக்கு ஒரு படமாகக் கல்லைச் சுற்ற ஆரம்பித்தான். பாதிச் சுற்றில்தான் நிழல்களைக் கவனித்தான். அவனுக்குப் பின்னால் ஒரு வரிசையே பிரதட்சணம் வந்துகொண்டிருந்தது. அவன் நின்றால் நின்றார்கள். அவன் குனிந்தால் குனிந்தார்கள்.

"யாரும் பின்னால வராதீங்க!"

"ஏன், பொம்பளைங்க வரக் கூடாதா?" என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நாகேஷ் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமனாரின் ஸ்டூல் கண்ணுக்குள் வந்து நின்றது. தேவசுந்தரி டீயை வைத்துவிட்டுப் போனாள். டீ ஆறியது.

குங்குமம். திட்டுத்திட்டாக விபூதி. இன்று யாரோ சாத்தியிருந்த பூப்போட்ட துண்டு. மாலையில் அரளி, நடுவில் சாமந்தி. ஓரிடம் மாதிரி இன்னோரிடம் இல்லை. மொழுமொழு என்று ஓரங்குலம்கூட மிச்சமில்லை.

எதையும் கலைக்கக் கூடாது. அவ்வளவுதான். கலையக் கூடாதது இன்னும் ஒன்று இருந்தது: கூட்டம்.

அவன் எழுந்து கோவிந்தம்மாளிடம் கற்பூரத் தட்டைக் கொடுத்தான்.

"எல்லாரும் கையக் கூப்பிக் கண்ண மூடிக்குங்க! நான் சொல்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாது!"

கூட்டம் சிலையானது. நின்றிருந்த பஸ்ஸின் டிரைவர்கூட ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கை கூப்பினார். நாகேஷ் பூனைபோல ஒரு சுற்று வந்தான். பெஞ்சைப் போட்டு ஏறி, மேலிருந்து இன்னொரு சுற்று.

"ஆச்சாங்க?" என்றாள் கோவிந்தம்மாள், கண் மூடியபடி.

"இன்னும் கொஞ்சம்."

"கற்பூரம் சுடுதுங்க."

"ஆங், ஆச்சு."

சாயங்காலம் படங்கள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டன. திரையில் கல் எழுந்து நின்றது. அதைச் சுற்றி, கண் மூடிய ஊர். ஹம்சா மவுஸைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். கல் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தது.

"ஸ்டூல திருப்பிக் குடுத்துடச் சொல்றேன் எங்கப்பாகிட்ட," என்றாள் பிறகு.

மறுநாள் ப்ளெஸ்ஸி கூப்பிட்டாள். "வேலை உங்களுக்குத்தான் சார். நாங்க கல்லுதான் கேட்டோம். நீங்க கும்பாபிஷேகத்தையே அனுப்பிட்டீங்க."

வேலையில் சேரும் முன் நாகேஷ் கே.ஜி.கண்டிகைக்குப் போனான். மரத்திலிருந்த நம்பரைச் சுரண்டியிருந்தார்கள். சாமி இருக்கும் இடம் என்று, ரோடுக்காரர்கள் அளவெடுத்து அடித்திருந்த முளைகளைப் பிடுங்கி எதிர்ப்பக்கத்துப் பொட்டலில் அடித்திருந்தார்கள். டீக்கடை பெஞ்சில் இடமில்லை. நின்றபடியே டம்ளரை வாங்கிக்கொண்டான்.

"எல்லாம் அந்த எண்ணெயில ஆரம்பிச்சதுக்கா. ஊத்துனது யாருன்னு தெரிஞ்சா ஒரு கும்பிடு போடலாம்."

தேவசுந்தரி அண்ணாந்து வேப்பமரத்தைப் பார்த்தாள். பிறகு சட்டியிலிருந்த வடைகளைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள்:

"நெழலு போனா கடையும் போச்சுன்னு ஒக்காந்துகினு இருந்தேன் நைனா. நீ பொட்டு வெச்சுட்டுப் போன அன்னிக்கு, வட சுட்ட எண்ணெய் ஒரு கிண்ணம் மீந்துபோச்சு."