மழை விடாத முப்பத்தெட்டுப் பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் சிறுகதை எழுத்தாளன் ஆவது என்று முடிவெடுத்தேன். வாரப் பத்திரிகை ஒன்றில் போட்டி அறிவித்திருந்தார்கள். மூன்று பக்கத்துக்குள் கதை. ஜெயித்தால் பெயரோடு படமும் போடுவார்களாம். நானோ குடிநீர் வாரிய ஆபீசில் பத்தொன்பது வருஷமாகப் புகார்களுக்கு 'ஆவன செய்யப்படும்' என்று பதில் எழுதுகிறவன். கற்பனையில் என்னை மிஞ்ச ஆள் ஏது?

மனைவியிடம் அறிவித்தேன்.

"இன்னிக்கு யாரும் என்னைத் தொந்தரவு பண்ணக்கூடாது. எனக்கு நல்ல பாத்திரம் நாலு வேணும்."

"சிங்க் நிறையக் கிடக்கு. எடுத்துக்குங்க."

"நான் சொல்றது கதாபாத்திரம்!"

"எந்தப் பாத்திரமா இருந்தா என்னங்க, விளக்கித்தானே ஆகணும்?"

கதவைச் சாத்திக்கொண்டேன். கதை மழையில் ஆரம்பித்தது. பதினோராம் பக்கத்திலும் விடவில்லை. வெளியே அவள் குரல்.

"என்னங்க! மோட்டார் போட்டது நீங்கதானே? தொட்டி வழியுது!"

"இரு, இங்க மழை கொட்டுது!"

"இங்கயும்தான் கொட்டுது! துணியெல்லாம் நனைஞ்சு போச்சு!"

முப்பத்தெட்டாம் பக்கத்தில் கதாநாயகன் குடையை விரித்தான். முற்றும்.

ஈரப் புடவையோடு உட்கார்ந்து முழுக்கப் படித்தாள்.

"மூணு பக்கம்தானே கேட்டிருக்காங்க?"

"ஒரு வரியை வெட்டினாலும் ரத்தம் வரும்."

"குடுங்க, வலிக்காம வெட்டறேன். நானே டைப் அடிச்சு அனுப்பிடறேன்."

பெரிய மனது பண்ணிக் கொடுத்தேன்.

முதல் பரிசு!

என் பெயர். என் படம். என் கடிதங்களில் சிவப்பு மையால் சுழித்தே பழகிய மேலதிகாரி, எழுந்து வந்து கை குலுக்கினார். ஆபீஸையே என் மேஜையைச் சுற்றி நிறுத்தி, "நீங்களே வாசிங்க" என்றார்.

வாசிக்குமுன் சிறுகதை இலக்கணம் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். "எதை எழுதறதுன்னு எல்லாருக்கும் தெரியும். எதை விடறதுன்னு தெரிஞ்சவன்தான் எழுத்தாளன்!" கைதட்டல். பக்கத்தைப் புரட்டினேன். அதுவரை என் படத்தைத் தாண்டி நான் போகவே இல்லை.

"குடிநீர் வாரியத்தில் வேலை பார்க்கும் ஒருவர், வீட்டுத் தொட்டி வழிவதுகூடத் தெரியாமல், மழையை வர்ணித்துக்கொண்டிருந்தார்..."

ஆபீஸ் குலுங்கியது. பாதியில் நிறுத்தினால் மானம் போகும், வாசித்தாலும் போகும். வாசித்தேன். கடைசி வரியில் டைப்பிஸ்ட் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"தன்னைத் தானே இப்படிக் கிண்டல் பண்ணிக்க எவ்வளவு தைரியம் வேணும்!" என்று தோளைத் தட்டினார் மேலதிகாரி. நான் அடக்கமாகத் தலைகுனிந்தேன். நிமிரும் நிலையில் அது இல்லை.

வீட்டுக்குப் போனதும் பத்திரிகையை அவள் முன்னால் போட்டேன்.

"என் கதை எங்க?"

"அதைத்தாங்க சுருக்கினேன். வேண்டாததையெல்லாம் எடுத்தேன். எடுக்க எடுக்க, கடைசியில மிஞ்சினது நீங்க ஒருத்தர்தான்."