கார்டுக்கு வைத்த சந்தனம்

ஆறு மாதம் மட்டும் ஒன்றைப் படித்தவருக்கு வரும் தலைக்கனம், ஆறு வருடம் படித்தவருக்கு வருவதில்லை. நான் கண்டியில் சித்தி வீட்டில் தங்கி ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, தரையில்தான் நடந்தேனா என்பது சந்தேகம். (குழாயடியில் யாராவது என்ன படித்தாய் என்று கேட்டால், அவர்களுக்குப் புரியாத சொல்லாகத் தேடிப் பிடித்துச் சொல்வேன்.)

அப்பாவிடம் மட்டும் இதெல்லாம் எடுபடவில்லை. "தைக்குள்ள வேலை கெடைக்கலன்னா பேர் பதிஞ்சிருவோம்" என்று சொல்லிவிட்டார். பேர் பதிவது என்றால் தோட்டத்துத் தொழிலாளியாகப் பதிந்துகொண்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறுவது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அப்பா சொன்னபோது அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பதுளையில் புத்தகக்கடை வைத்திருந்த ஹாஜியார், கடை மாடியில் கம்ப்யூட்டர் வகுப்புத் தொடங்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. பதுளையில் பாதிப் பேர் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. மற்றப் பாதி, பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"விஜயதசமி அன்டைக்குத் திறப்பம், மகள்" என்றார் ஹாஜியார். "ஒங்கட ஆக்கள் புள்ளைகளப் படிப்புக்குச் சேக்கிற நாள்தானே. அன்டைக்கு எல்லாம் சரியா ஓடினா ஒங்களுக்கு வேலை நிச்சயம்."

மெஷின் இருந்தது, பிரிண்டர் இருந்தது, இரண்டையும் சேர்க்கும் தடித்த கேபிளும் இருந்தது. கேபிளைச் செருகுவதற்கு மெஷினில் இடம்தான் இல்லை. அதற்கென்று ஒரு கார்டைக் கொழும்பிலிருந்து தனியாக வரவழைத்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை. அதன் ஓரத்தில் சீப்புப் பல் போலத் தங்க நிறக் கோடுகள். மெஷினின் மூடியைத் திறந்து, அந்தப் பல்லை உள்ளே இருக்கும் பள்ளத்தில் அழுத்திச் செருக வேண்டும். சரஸ்வதி பூசையன்று காலையில்தான் அது வந்து சேர்ந்தது. "கடையில எலித் தொல்லை. நீங்களே கொண்டுபோய் வச்சிருங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டார்.

பூசைக்கு வீட்டில் தொழில் செய்யும் சாமான் எல்லாம் சாமிக்கு முன்னால் இருக்க வேண்டும். அப்பா தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தி, அம்மாவின் கொழுந்துக் கூடை, பக்கத்தில் என் கார்டு. நானேதான் பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன். கத்திக்கும் கூடைக்கும் ஒவ்வொரு சந்தனப் பொட்டோடு நிறுத்திக்கொண்ட அம்மா, கார்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பூசிக்கொண்டிருந்தார். மறுநாள் விஜயதசமி. காலையில் பச்சைப் பகுதியில் இருந்த சந்தனத்தைத் துணியால் துடைத்தேன். தங்கப் பல்லில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. (சந்தனமும் கிட்டத்தட்ட அதே நிறம் என்பது ஆறு மாதப் பாடத்தில் வரவில்லை.)

மாடி நிறையப் பெற்றோர். பின்வரிசையில் கல்யாணச் சேலையில் அம்மா. நான் கார்டைச் செருகி, மூடியை மூடி, கேபிளை மாட்டி, 'வெல்கம்' என்று தட்டினேன். பிரிண்டர் கிர்ரென்று அடித்துத் தள்ளிய தாளை ஹாஜியார் கிழித்து, எல்லோருக்கும் தெரிகிறமாதிரி உயர்த்திப் பிடித்தார். அதில் இருந்தது எந்த நாட்டிலும் வழங்காத ஒரு சொல்.

மகளைச் சேர்க்க வந்திருந்த யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "இது என்ன பாஷை, பிள்ளை?"

கேபிளைக் கழற்றி மாட்டினேன். தாளை மாற்றினேன். பிரிண்டரைத் தனியாக ஓடவிட்டுப் பார்த்தேன். அது தன் பாட்டில் ஏபிசிடியை ஒழுங்காக அடித்தது. மறுபடி மெஷினோடு சேர்த்தால் அதே சொல், ஓர் எழுத்துப் பிசகாமல். எனக்குத் தெரிந்த பரிசோதனைகள் அத்துடன் தீர்ந்துபோயின. அதன்பின் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மின்சாரம் குறைவு என்றேன். குளிர் என்றேன். (குளிருக்குப் பேர்போன பண்டாரவளையில் சொல்லியிருந்தாலாவது நம்பியிருப்பார்கள்.) உள்ளுக்குள் தை மாதமும் கூடையும்தான் தெரிந்தன.

அப்போது ஹாஜியார் மூக்கை உறிஞ்சினார். "மெஷினுக்குள்ள சந்தன வாசம் வருதே, மகள்."

மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து கார்டை உருவினேன். காய்ந்த சந்தனம் பல்லிடுக்கெல்லாம் அப்பிக் கிடந்தது.

"என்ன அது?"

லயத்திலிருந்து வந்தவள் கார்டுக்குப் பூசை போட்டாள் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு நா எழவில்லை. "தூசிங்க ஹாஜியார். கொழும்புலருந்து வந்த தூசி."

பின்வரிசையில் அம்மா எழுந்து நின்றார். நாலு பேர் முன்னால் அம்மா பேசி நான் கண்டதில்லை.

"தூசி இல்லைங்க மொதலாளி. சந்தனம். நான்தான் பூசுனேன். இதுலதான் எம்மக பொழப்பு இருக்குன்னு கொஞ்சம் கூடவே பூசிட்டேன்."

வேலை போயிற்று என்று நினைத்தேன். ஹாஜியார் கார்டை வாங்கி முகர்ந்து பார்த்தார். "நானும் காலையில குர்ஆன் ஓதி ஊதிட்டுத்தான் மெஷினைத் தொட்ட" என்றார் அம்மாவிடம். "ஆனா நான் மூடிக்கு மேலால ஊதின."

மாஸ்டர்தான் முதலில் சிரித்தார். பிறகு மாடியே சிரித்தது. ஹாஜியார் கீழே கடைக்குப் போய்ப் பென்சில் எழுத்தை அழிக்கும் புது அழிறப்பர் ஒன்று கொண்டுவந்தார். பல்லைத் தேய்த்துத் தேய்த்து மினுக்கிச் செருகினேன். வெல்கம் வந்தது. மாஸ்டர் மகளைச் சேர்த்தார். தை வந்தபோது என் பேர் எங்கேயும் பதியப்படவில்லை.

அன்று பசறை பஸ்ஸில் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கொழும்புலருந்து தூசியா வந்துச்சு?" கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பசறை வரும்வரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதை மறைத்தாலும் "தூசியா?" என்றுதான் கேட்பது. என் கணவர் பிந்தி வந்து பஸ்மேல் பழியைப் போட்டாலும், பிள்ளைகள் பரீட்சைத் தாளை ஒளித்தாலும் அதே கேள்விதான்.

அம்மாவுக்கு வயதாகிவிட்டது. போன மாதம் பதுளையில் டாக்டரிடம் நான் மட்டும் தனியாகப் பேசிவிட்டு வெளியே வந்தேன். வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஒன்னுமில்லம்மா. மருந்து குடிச்சா சரியாயிரும்" என்றேன்.

 அம்மா என் முகத்தைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

"தூசியா?" என்று கேட்டார்.