முளைக்காத டேலியா

மே நடுவில் வரும் பனிப் புனிதர்களின் நாட்கள் கழிந்து, இனி உறைபனி விழாது என்று ஊரே நம்பிய பிறகுதான் ஹார்மென் டேலியாக் கிழங்குகளை நட்டார். இப்போது ஜூன் முடியப்போகிறது. ஒன்றுகூட முளைக்கவில்லை.

ஒரு கிழங்கைக் கிளறி எடுத்துப் பார்த்தார். அழுகவில்லை, சுருங்கவில்லை. அடியில் நாலு வேர்கூட விட்டிருந்தது. மேலே மட்டும் மொழுமொழுவென்று மொட்டை.

கிழங்கு அவருக்குப் புதிதல்ல. நெதர்லாந்தில், ஃப்ரீஸ்லாந்தின் களிமண்ணில் ஆயுள் முழுக்க விதை உருளைக்கிழங்கு போட்டவர். வெட்டி நடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. டேலியாவையும் அப்படித்தான், கொழுத்ததாகப் பார்த்து, மேலிருந்த தண்டுக்கட்டையை ஒட்ட வெட்டி, வரிசை பிசகாமல் நட்டிருந்தார்.

அது மனைவி வீப்கேயின் அம்மா வளர்த்த ரகம். கடையில் கிடைக்காது. குளிரில் செத்துவிடும் என்று ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் தோண்டி, நிலவறையில் மணலில் புதைத்துக் காப்பாற்றி வந்தாள் வீப்கே. மகளின் பிரசவத்துக்காக டென்மார்க் கிளம்பியபோதும் அதைப் பற்றித்தான் பேச்சு.

"பிரிச்சு நட்டுடு ஹார்மென். அம்மா பூ அது. போச்சுன்னா திரும்ப வராது."

தண்ணீர் போதவில்லையோ என்று ஹார்மென் குழாயைத் திறந்துவிட்டார். பாதிக் கிழங்கு அழுகியது. சூடு போதவில்லையோ என்று மீதியைக் குளியலறையின் சூடேறும் தரையில் பரப்பினார். அவை வற்றலாகிவிட்டன. அதில் ஒன்றை மிதித்து வழுக்கியதில் அவர் இடுப்பும் பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை வீப்கே போனில் கேட்டாள்.

"டேலியா எப்படி இருக்கு?"

"தூங்குது."

"ஆகஸ்ட் வந்தாச்சு, இன்னுமா?"

"நீ இல்லாம ஏக்கம் போல."

"ஐஸ் வைக்காத. போட்டோ அனுப்பு."

பக்கத்து வீட்டு டாவேயின் வேலியோரத்தில் சிவப்பு டேலியா பூத்துக் குலுங்கியது. மனைவியின் பூவும் சிவப்பு என்ற அளவுக்குத்தான் ஹார்மெனுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் அவர் அந்தச் செடியில் நத்தையைத்தான் கவனித்திருக்கிறார். வலிக்கும் இடுப்போடு ஸ்டூலில் ஏறி, வேலிக்கு அந்தப் பக்கம் கையை நீட்டிப் படம் எடுத்து அனுப்பினார்.

உடனே போன் வந்தது.

"ஐயோ, அம்மா பூ! இதழ் நுனியில வெள்ளை, அப்படியே இருக்கு!" வீப்கே அழுதேவிட்டாள். "நீ இவ்வளவு பொறுப்பான ஆளுன்னு தெரியாமப் போச்சே!"

அன்று மதியம் ஹார்மெனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறும் படம் கேட்டாள். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டாள். ஸ்டூல் வேலியோரமே தங்கிவிட்டது.

செப்டம்பரில் வீப்கே வந்தாள். பெட்டியை வாசலில் போட்டுவிட்டு நேரே தோட்டத்துக்குப் போனாள். பாத்தி வெறும் மண்ணாகக் கிடந்தது.

ஹார்மென் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். முளைக்காதது, அழுகியது, வற்றலானது, வேலி தாண்டி எடுத்த படங்கள்.

"திட்டிடு வீப்கே."

அவள் திட்டவில்லை. பாத்தி ஓரத்தில் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுகூடவா மிஞ்சல?"

"இல்ல."

அந்த நேரம் பார்த்து வேலிக்கு மேலே டாவேயின் தலை முளைத்தது.

"வீப்கே வந்தாச்சா! காபி போடுறதா இருந்தா சொல்லுங்க, வரேன்."

"நேரங்கெட்ட நேரத்துல உனக்கு காபி ஒரு கேடா, போய்யா!" என்றார் ஹார்மென்.

"ஆமா, வாராவாரம் ஏறி நின்னு படம் புடிக்க மட்டும் என் வேலி வேணும்."

ஹார்மெனின் முகம் பூவை விடச் சிவந்தது. "உன் பூவைக் காட்டி இவளை ஏமாத்தினது தப்புதான் டாவே. மன்னிச்சுடு."

"என் பூவா? நடும்போது குப்பைன்னு தண்டுக்கட்டையோட நறுக்கி என் வேலியோர எருக்குவியல்ல வீசினியே, துண்டுக் கிழங்கு ஒட்டியிருந்த அந்தக் கழுத்துங்க முளைச்சுப் பூத்ததுதான்யா இதெல்லாம். உருளைக்குத்தான் உடம்பெல்லாம் முளைக்கண்ணு, டேலியாவுக்குத் தண்டு சேர்ற கழுத்துல மட்டும்தான்!"