முவைலா ரூமில் ஒரு ரஷ்யத் தாலுகா

ரஷ்யாவின் ஒரு தாலுகாவை ஷார்ஜாவின் முவைலாவில், இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நிர்வாகம் செய்தவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவரைத் தலையாரி என்போம். சொந்தப் பெயர் அவருடைய எமிரேட்ஸ் ஐடியில் இருந்தது. நாங்கள் யாரும் அதை எட்டிப் பார்த்ததில்லை.

சிவகங்கைப் பக்கம். ஊரில் சில வருஷம் தற்காலிகத் தலையாரியாக இருந்தவர். அதாவது வி.ஏ.ஓ.வுக்கும் கீழே, அரசாங்கத்தின் ஆகக் கடைசிப் படி. இங்கே சைட்டில் கம்பி கட்டுகிற வேலை. நான் அதே கம்பெனி ஆபீஸில் பேப்பர்களைக் கட்டி அழுகிற கிளார்க். கேம்ப்பில் இருவருக்கும் ஒரே ரூம், ஆறு பேர் தங்குவது.

அவருடைய ஒரே மகன் ஏஜெண்ட் மூலமாக ரஷ்யாவில் ஒரு மர மில்லுக்கு லாரி ஓட்டப் போனான். ஒரு குளிர்காலத்தில் அவனுடைய போன் நின்றுவிட்டது. ஏஜெண்ட் நம்பரும் நின்றது. மில்லை மூடிவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. எங்கே எழுதினாலும் "விசாரித்து வருகிறோம்" என்று பதில். வேறொருவராக இருந்தால் மந்திரி வீட்டு வாசலில் நின்றிருப்பார். தலையாரி நேர்மாறாகக் கிளம்பினார்.

"மேல போனா கடுதாசிதான் வரும் தம்பி. கீழ போகணும். எந்த ராஜ்யமா இருந்தாலும் கடைசியில ஒரு தலையாரி இருப்பான்ல? அவனுக்குத் தெரியும், எம்புள்ள எங்க இருக்கான்னு."

அந்தக் கடைசி ஆளைத் தேடித்தான் அவர் அந்தத் தாலுகாவுக்குள் இறங்கினார். 'ராயோன்' என்றால் தாலுகா, கிராமக் கவுன்சில் என்றால் பிர்க்கா என்று அவரே முடிவு கட்டிவிட்டார். வரைபடத்தைப் பதினாறு தாளில் ஆபீஸ் பிரிண்டரில் எடுத்துக் கொடுத்த பாவி நான். பதிமூன்றாவது தாளில் கலர் மை தீர்ந்தது. மிச்சம் மூன்று தாளும் சாம்பல் நிறத்தில் வர, எங்கள் ரூம் கோபால் அந்தப் பகுதிக்குப் 'புறம்போக்கு' என்று பேர் வைத்தான். தலையாரி அவனோடு இரண்டு நாள் பேசவில்லை.

ரஷ்யப் பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. ஆகவே வடக்குப் பிர்க்கா, கிழக்குப் பிர்க்கா, ஏரிக்கரைப் பிர்க்கா. அந்தக் கவுன்சில்கள் இணையத்தில் போடுகிற செய்தியை எல்லாம் தலையாரி தினமும் போனில் தமிழாக்கிப் படித்துவிடுவார். சமாதானம் ஆன பிறகு கோபால் சாம்பாரை ஊற்றிக்கொண்டே கேட்பான்: "அண்ணே, கிழக்குல என்ன விசேஷம்?"

"ஒரு ஊர்ல மொத்தமே மூணு பேருய்யா. அதுல ஒரு பெரியவரு டவுனுக்கு மக வீட்டோட போயிட்டாரு."

மீதி இரண்டு பேருக்கு விறகு யார் வெட்டிக் கொடுப்பார்கள் என்று ஆறு பேர் சாப்பாட்டை விட்டுவிட்டு யோசித்தோம்.

மே மாதத்தில் ஒரு நாள் ரூமில் ஏசி படுத்துவிட்டது. பனியன் போட்டவன் பைத்தியக்காரன் என்கிற நிலைமை. மேல்தட்டிலிருந்து பெருமூச்சு வந்தது. "பனி உருகி ரோடெல்லாம் ஒரே சகதியாக் கெடக்கு. வடக்குப் பிர்க்காவுக்குப் பஸ் இல்ல."

"இங்க ஏசியே மாஃபி, இல்லவே இல்ல! அங்க பஸ் இல்லைன்னு அழுவுறீங்களா?" என்று நான் கத்தினேன். அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

வெள்ளத்தில் மில்லுக்குப் போகிற மரப்பாலமும் உடைந்தது. தலையாரி மனு போட்டார். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி எழுதி, போனில் மொழிபெயர்த்து, அந்தத் தாலுகாவின் இணையப் பக்கத்தில் ஏற்றினார். 'பொதுமக்கள் நலன் கருதி' என்று வேறு ஒரு வரி. ஜூலையில் பாலம் கட்டினார்கள். அவர்கள் தேவைக்குக் கட்டியிருப்பார்கள். தலையாரி கேம்ப் முழுக்க லட்டு கொடுத்தார். வாட்ச்மேன் பாய் சந்தோஷமாக, "க்யா ஹுவா? லட்கா ஹுவா?" என்றார், ஆண் குழந்தையா என்று. தலையாரி அவர் கையில் இன்னொரு லட்டை வைத்து, "புல் ஆயா பாய், புல்!" என்றார். பாலம் வந்ததாம்.

பிறகுதான் உண்மையான சிக்கல். மில்லில் லாரி ஓட்டிய மகனைப் பற்றி இரண்டு பிர்க்காவுக்கும் எழுதிக் கேட்டார். மில் வடக்கைச் சேர்ந்தது என்றது கிழக்கு. கிழக்கைச் சேர்ந்தது என்றது வடக்கு. நடுவே ஆறு. தலையாரி பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மூன்று நாள் பார்த்தார்.

"ஆறு தள்ளிப் போயிருக்கு தம்பி. எல்லை பழைய ஆத்துலதான் நிக்கும். மில்லு வடக்குதான்."

அதையும் மனுவாக அனுப்பினார். ரஷ்யாவில் ஒரு எல்லைத் தகராறைச் சிவகங்கைத் தலையாரி தீர்த்து வைத்தார் என்று நாங்கள் கைதட்டினோம்.

பதில் ஆகஸ்டில் குரல் செய்தியாக வந்தது. எங்கள் தெருவில் உலர்பழக் கடை வைத்திருந்த உஸ்பெக்காரர் ருஸ்தம் பாய்க்கு ரஷ்யன் தெரியும். சைட்டில் மதிய வெயில் இடைவேளை. தலையாரி ஹெல்மெட்டோடு வந்தார். நான் ஆபீஸிலிருந்து ஓடினேன். ருஸ்தம் பாய் முழுவதையும் கேட்டுவிட்டு, நிமிராமல், நிறுத்தி நிறுத்தி ஹிந்தியில் சொன்னார்.

பேசியது வடக்குப் பிர்க்காவின் ஆபீஸ்கார அம்மாள். பதிவேடு எழுதுவதும் அடுப்பு மூட்டுவதும் அங்கே அவர்தான். உறைந்த ஆற்றின் மேல் மில்லின் மரம் ஏற்றிய லாரி போனபோது பனி உடைந்துவிட்டது. ஓட்டிய பையனை ஊர்க்காரர்கள் வெளியே எடுத்தார்கள். உயிர் இல்லை. அவன் பேப்பரெல்லாம் மில் முதலாளியோடு போய்விட்டது. 'பெயர் தெரியாத வெளிநாட்டுப் பையன்' என்று எழுதித் தங்கள் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு இருந்தது. அது எதற்கென்று தெரியாததால் அவிழ்க்கவில்லை. இப்போது பெயர் சொன்னால் எழுதிவிடுகிறார்.

தலையாரி இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒன்றே ஒன்று கேட்டார். "குழி வெட்டினது யாருன்னு கேளுங்க பாய்."

ருஸ்தம் பாய் அங்கேயே போன் போட்டார். அந்த அம்மாளின் புருஷனும் இன்னும் இரண்டு பேரும். தரை கல்லாக உறைந்திருந்ததால் கடப்பாரை இறங்கவில்லை. அந்த இடத்தில் விறகு அடுக்கி, இரண்டு நாள் அணையாமல் எரித்து, மண் இளகிய பிறகு வெட்டினார்களாம்.

தலையாரி நிமிர்ந்தார். "ரெண்டு நாளா?"

"ஆமாண்ணே" என்றேன்.

"அப்ப எம்புள்ளைக்குக் கொள்ளி வச்சாச்சு தம்பி. நான் வைக்க வேண்டியது. யாரோ வச்சுட்டாங்க. நல்லா இருக்கட்டும்."

பிறகு மகனின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். ருஸ்தம் பாய் போனில் திருப்பிச் சொன்னார். அங்கே அந்த அம்மாள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது கேட்டது. கடை வாசல் படியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் தலையாரி அழுதார். நடுவிலேயே என்னைப் பார்த்து, "உங்களுக்கு டியூட்டிக்கு நேரமாச்சே, போங்க தம்பி" என்றார்.

இன்றைக்கு எனக்கு லீவு என்று பொய் சொல்லி, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.