ஊற்றுக்கு நாள் குறிப்பவர்

யெல்லோஸ்டோன் காட்டுக்கு இலையுதிர் காலத்தில் போனால் எல்க் மானிடமிருந்து எழுபத்தைந்து அடி தள்ளி நில்லுங்கள் என்று பலகை வைத்திருப்பார்கள். காட்டெருமைக்கும் அதே கணக்குதான். ஆனால் இடுப்பில் வாக்கி-டாக்கியும் கழுத்தில் தொலைநோக்கியும் மடியில் நோட்டுப் புத்தகமுமாக மடக்கு நாற்காலியில் வீற்றிருக்கும் 'எல்லாம் பார்த்தவர்' என்ற பிராணியிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று எந்தப் பலகையும் சொல்லாது. சொன்னாலும் பயனில்லை. அது எழுந்து வந்து உங்கள் பக்கத்தில் நாற்காலியை விரிக்கும்.

வெர்லின் ஸ்டக்கியைப் பாருங்கள். பில்லிங்ஸில் டிராக்டர் உதிரிபாகம் விற்று ஓய்வு பெற்றவர். பத்தொன்பது இலையுதிர் காலமாகத் தவறாமல் வருகிறார். நீங்கள் 'அதோ மான்' என்றால், மான் இல்லை, எல்க் என்பார். 'அதோ எல்க்' என்றால், எந்த எல்க் என்பார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, பூமியிலிருந்து புகை வருகிறதே என்று கைகோத்து வியந்து நின்றபோது, அது புகை இல்லை, நீராவி என்று தொடங்கி முக்கால் மணி நேரம் விளக்கினார். ஜோடி கைகோத்ததை எப்போது விட்டது என்று அவர்களுக்கே தெரியாது.

வெந்நீர் ஊற்று பொங்கிப் பீறிடும்போது இவர் ஊற்றையா பார்ப்பார்? கடிகாரத்தைப் பார்ப்பார். பீறிடத் தொடங்கிய நொடியைக் குறிப்பதுதான், இவரைப் போல நோட்டும் கையுமாக ஊற்றைக் காவல் காக்கும் கூட்டத்தின் மதம். தொடக்கத்தைப் பார்த்துக் குறித்தால்தான் அது நடந்ததாக அர்த்தம். மற்றபடி நூறு அடி உயரம் எழும்பினாலும் நோட்டில் அதற்கு இடமில்லை.

இந்த மனிதரோடு பத்தொன்பது வருடமும் கூடவே வந்தவள் அவர் மனைவி டொரீன். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. 'முரட்டுக் கெண்டி' என்று ஓர் ஊற்று. நினைத்தால் ஐந்து நாளுக்கு ஒரு முறை பொங்கும், நினைக்காவிட்டால் மாதக் கணக்கில் முனகிக்கொண்டே கிடக்கும். அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதன் எதிரில் அவள் உட்கார்ந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு குழந்தையை வளர்த்துப் பள்ளிக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் வெர்லின் ஏதாவது ஓநாயையோ கரடியையோ சொல்லி அவளைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். இந்த வருடத்தோடு சரி. வருடா வருடம் ஓட்டி வந்து தங்கும் வண்டி வீட்டை விலை பேசியாகிவிட்டது. நவம்பரில் அரிசோனாவில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார்கள். அங்கே மணலைத்தான் வேடிக்கை பார்க்க வேண்டும்.

கடைசி நாள் பிற்பகல். முரட்டுக் கெண்டியின் எதிரே முப்பது பேர். வெர்லின் எழுந்து, ஊற்று பொங்குமுன் தண்ணீர் நிரம்பும் என்று அவர் கணக்கு வைத்திருந்த பக்கத்துக் குழியை எட்டிப் பார்த்து, ஜோசியர் பஞ்சாங்கத்தை மூடுவதுபோல் நோட்டை மூடினார்.

"குழி நிரம்பல. இன்னிக்குக் கிடையாது. நாளை மறுநாளுக்கு முன்னாடி பொங்காது."

அதே சமயம் வாக்கி-டாக்கி கரகரத்தது. ஆற்றங்கரைப் புல்வெளியில் இரண்டு ஆண் எல்க் கொம்பு கோத்து நிற்கின்றனவாம். கேப்பையில் நெய் வடிகிறது என்று வெர்லின் சொல்லியிருந்தால் அந்த முப்பது பேரும் கிண்ணம் ஏந்தியிருப்பார்கள். நாற்காலிகள் மடங்கின. ஒன்று மட்டும் மடங்கவில்லை.

"டொரீன், எழுந்திரு."

"நீ போ."

"குழி காஞ்சு கெடக்குன்னு சொல்றேன்ல? எதுக்கு ஒக்காந்திருக்க?"

"பத்தொன்பது வருஷமா நீ சொன்னதப் பாத்தாச்சு, வெர்லின். இன்னிக்கு நான் இதப் பாக்கறேன்."

அவர் போய்விட்டார். ஆஸ்பென் மரங்கள் மஞ்சள் இலையைக் கொட்டிக்கொண்டிருந்தன. தூரத்தில் ஓர் எல்க் உச்சஸ்தாயியில் கூவி அடங்கியது. டொரீன் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்தாள். பக்கத்துக் குழி நிரம்பவே இல்லை. அதைப் பற்றி முரட்டுக் கெண்டி கவலைப்படவும் இல்லை. காலடியில் மரப்பலகைப் பாதை அதிர்ந்தது. மறுகணம் தண்ணீர் வானத்துக்குப் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. மூக்குக் கண்ணாடியில் சாரல் விழுந்து எதுவும் தெரியாமல் போக, அவள் அதைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு, நனைந்துகொண்டே பார்த்தாள். அழுதாள் என்றும் சொல்லலாம்.

நீராவி அடங்கும் நேரத்துக்கு வெர்லின் மூச்சிரைக்க ஓடி வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டாரா? பென்சிலை நாக்கில் தொட்டார்.

"ஆரம்பிச்சது எத்தன மணிக்கு? நொடியோட சொல்லு."

அவள் கையில் கடிகாரம் இருந்தது. தினமும் காலையில் அவரே நேரம் சரிசெய்து கட்டிவிடுவது. தண்ணீர் எழும்பிய கணம், பழக்க தோஷத்தில், அவள் அதைப் பார்த்தும் இருந்தாள்.

"மணி பாக்கல," என்றாள்.

வெர்லின் நோட்டைப் புரட்டினார். பிறகு, அந்தத் தேதிக்கு நேரே, 'முரட்டுக் கெண்டி: பொங்கவில்லை' என்று எழுதிக் கோடு இழுத்தார். ஈரத் தலையோடு டொரீன் நாற்காலியை மடக்கினாள்.

அவள் பார்த்த மணி எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. ஏன், அதைச் சொன்னால் என்னவாம் என்று உங்களுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறதா? வெர்லினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகிவிட்டது. போய் உட்காருங்கள்.