அப்பாவின் மிதவை

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எங்கள் நலத்தைக் கீழே படித்துத் தெரிந்துகொள்.

ஞாயிற்றுக்கிழமை நான் அப்பாவிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "அப்பா, அதோட கண்ணை மூடிட்டீங்க."

நீ அலமாரியில் விட்டுப்போன டிரோனைத்தான் சொல்கிறேன். அம்மா போனதிலிருந்து எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர், போன மாதம் போர்வை தேடப் போய் அதைக் கண்டெடுத்தார். இரண்டே வாரத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டார். "தரையில எறங்கறது என்ன பெரிய விஷயம்? காக்கா கூடத்தான் எறங்குது. உங்கண்ணன் வரட்டும், தண்ணியில எறக்கிக் காட்டறேன்" என்றார். அன்றைக்குத் தானாகவே தட்டைப் போட்டு உட்கார்ந்து, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

முப்பத்து நான்கு வருஷம் பார்சல் ஆபீசில் கண்ணாடிச் சாமான் கட்டியவர் டிரோனுக்கு மிதவை செய்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நாலு காலுக்கு நாலு தெர்மோகோல் துண்டு போதும். அவர் அந்தத் துண்டுகளுக்கே பாலிதீன் சுற்றி, அதன்மேல் டேப் சுற்றி, வாளித் தண்ணீரில் விட்டுப் பார்த்து, சாய்கிறது என்று குறுக்கே குச்சி வைத்துக் கட்டி, கடைசியில், "அடிவயிறு தெறந்து கெடக்கே, தண்ணி போயிடாதா?" என்று அங்கேயும் ஒரு நுரைத்தாளை ஒட்டினார். தரை எவ்வளவு தூரம் என்று பார்க்கிற சென்சார், அதாவது அதன் கண், அந்த அடிவயிற்றில்தான் இருக்கிறது. கையேட்டில் பதினேழாம் பக்கம். வீட்டில் அதை முழுதாகப் படித்தவள் நான் ஒருத்திதான். சொல்ல வாயெடுத்தேன். அவர் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

நீ வருவதற்குமுன் ஒத்திகை பார்க்க அன்றைக்கே ஏரிக்குப் போனோம். கரையிலிருந்து அது கிளம்பியதென்னவோ ஒழுங்காகத்தான். அப்பா இறங்கச் சொன்னார். அதுக்கோ தரை வயித்துலயே ஒட்டிட்டிருக்கு, எங்கே இறங்கறது? மேலே போச்சு. மறுபடி இறங்கச் சொன்னார், மறுபடி மேலே போச்சு, மூன்று மாடி உயரத்தில் காற்று வாங்கிக்கொண்டே ஏரி நடுவுக்கு நகர்ந்து, பேட்டரி தீர்ந்து தானாகவே இறங்கியது பார், நீ ஒருநாளும் அப்படி இறக்கியதில்லை. ஒரு பக்கமும் சாயாமல், வாத்து மாதிரி உட்கார்ந்துகொண்டது. குடிதண்ணீர் ஏரி என்பதால் படகு கிடையாது. காவலாளி விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார்.

"சார், யாரும் தண்ணியில எறங்கக் கூடாது. போர்டு வெச்சிருக்கோம்ல?"

"நான் எங்கேப்பா எறங்கினேன்? அதுதான் எறங்கிடுச்சு."

காவலாளி ஏரி நடுவைப் பார்த்துவிட்டு, "ஆனா நல்லாத்தான் மெதக்குது சார்" என்றார். அந்த நாளில் அப்பாவுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

இன்று ஐந்தாம் நாள். அது இன்னும் மிதக்கிறது. அப்பா முதல் இரண்டு நாள் கரையில் போய் நின்றார். பிறகு பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். "அவன் பொருளைக் கெடுத்துட்டேன்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அண்ணா, நீ போன் செய்து, அதன் மோட்டார் முன்பே கோளாறு என்று ஒரு பொய் சொல். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. பதினேழாம் பக்கத்தைப் பற்றி மூச்சு விடாதே.

அண்ணிக்கு என் அன்பு. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். இந்த வீட்டிலிருந்து அனுப்ப இப்போதைக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

உன் தங்கை

பி.கு.: கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன், அப்பா படித்துவிட்டார். கோபப்படவில்லை. "அங்க கண்ணாடி மாதிரி ஏதோ இருந்ததை நான் பாக்காமலா இருப்பேன்? ஒட்டறப்ப உன் மொகத்தைப் பாத்தேன். எல்லாத்தையும் படிச்சவ ஒண்ணும் சொல்லலையே, அப்ப சரியாத்தான் இருக்கும்னு ஒட்டிட்டேன்" என்றார். எனவே நீ பொய் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் காற்று திரும்பி, டிரோன் கரை ஒதுங்கியதாகக் காவலாளி சொல்லியனுப்பினார். அப்பா எழுந்திருக்கவில்லை. நான் போய் எடுத்துவந்தேன்.